மடியில் கனம்

படூரிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலையில் தெற்கு நோக்கிச் சென்றால் சில நிமிடங்களில் கேளம்பாக்கம் வந்துவிடும். அங்கே கிழக்கே திரும்பினால் உப்பளங்கள், கழிமுகம், அதற்கப்பால் கோவளம். மென்பொருள் அலுவலகங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் இச்சாலையை நிறைத்துவிட்ட பிறகு, இது கடலோர நிலம் என்பதே நமக்குப் பல வேளைகளில் மறந்து போகிறது. அதை நினைவூட்டும் சில கட்டடங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. கேளம்பாக்கத்தில் உள்ள புயல் பாதுகாப்புக் கட்டடம் அவற்றுள் ஒன்று. புயலுக்கு ஒதுங்குவோருக்கென்று கட்டிய அந்தக் கட்டடத்தில், கடந்த பத்தாண்டுகளின் தொடக்கத்தில், பர்மாவின் அரக்கான் பகுதியிலிருந்து ஓடிவந்த ரொஹிங்கியா குடும்பங்கள் சில குடியமர்ந்தன. பழைய பொருட்களைப் பொறுக்கி விற்று அவர்கள் பிழைத்ததைப் பற்றி நாளிதழ்களில் அவ்வப்போது செய்திகள் வந்தன. அடையாள அட்டை, குடிநீர், பிள்ளைகளின் பள்ளி என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதிய அச்செய்திகளில் நாம் தேடியும் காணாத கேள்வி ஒன்று உண்டு: வீட்டைவிட்டு ஓடும்போது கையில் இருந்த பணம் என்னவாயிற்று?

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பது நம் பழமொழி. அகதியின் கதையில் இப்பழமொழி தலைகீழாகிறது. வழியெல்லாம் அஞ்சி அஞ்சிக் காப்பாற்றிக்கொண்டு வந்த கனம், கரையேறிய பிறகு கனமே இல்லாத காகிதம் என்று தெரியவருகிறது. கள்வன் பறிக்காததை எல்லைக்கோடு பறித்துவிடுகிறது. போர்களின் வரலாற்றில் இந்தப் பறிப்புக்குத் தனி அத்தியாயம் எழுதப்படுவதில்லை. தமிழர்களாகிய நாம் மட்டுமே கடந்த எண்பது ஆண்டுகளில் இதைப் பலமுறை பட்டிருக்கிறோம் என்பதால், அதைச் சற்று வரிசைப்படுத்திப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

இந்தக் கடற்கரையே ஒரு காலத்தில் அகதிகளை அனுப்பிய நிலம்தான். 1780-இல் ஹைதர் அலியின் படை கர்நாடகத்துக்குள் இறங்கியபோது, காஞ்சிபுரத்தையும் செங்கற்பட்டையும் சுற்றியிருந்த ஊர்கள் எரிந்தன. மக்கள் மூட்டை முடிச்சுகளோடு மதராஸ் கோட்டையை நோக்கி ஓடினார்கள். தொடர்ந்து வந்த பஞ்சத்தில் கஞ்சி ஊற்றுவதற்காக 1782-இல் தொடங்கிய கஞ்சித்தொட்டிதான் பிற்காலத்தில் மணியக்காரர் சத்திரம் என்று பெயர் பெற்றது. அவ்வாறு ஓடியவர்களின் மடியில் இருந்தவை வராகனும் பணமும் காசும். சிலரிடம் ஆர்க்காட்டு ரூபாய் இருந்திருக்கும். ஆலம்பரையில் நவாபின் நாணயச்சாலை இருந்தது. சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் வணிகம் நடந்தது. ஒரே கடற்கரையில் ஒரு நாள் நடைக்குள் பல அரசுகளின் நாணயங்கள் புழங்கின. மதராஸில் இவற்றையெல்லாம் மாற்றித் தந்தவர்கள் காசுக்கடைக்காரர்களும் சராப்புகளும். அவர்கள் நாணயத்தை உரைத்து, நிறுத்து, தேய்மானம் பார்த்து, 'வட்டம்' பிடித்துக்கொண்டு மாற்றுவார்கள். தேவை மிகுந்தவனிடம் வட்டம் மிகுதியாகப் பிடிப்பது எக்காலத்து வணிகத்துக்கும் இயல்பு. ஆயினும் அந்த அகதிக்கு ஒரு காப்பு இருந்தது. அவன் கொண்டுவந்தது பொன்னும் வெள்ளியும். அதை அடித்த அரசன் தோற்றாலும் அதன் எடை தோற்பதில்லை.

காகிதம் வந்தபோது இந்தக் காப்பு போயிற்று. காகிதப் பணத்துக்கு எடை கிடையாது. உரைத்துப் பார்க்க அதில் ஒன்றும் இல்லை. எங்கோ ஓர் அலுவலகம் தரும் வாக்குதான் அதன் மதிப்பு. தமிழில் நாணயம் என்ற சொல்லுக்குக் காசு என்றும், சொன்ன சொல் தவறாமை என்றும் இரு பொருள்கள் உண்டு. வெள்ளிக்காசின் காலத்தில் இவ்விரண்டும் தனித்தனியே நிற்க முடிந்தது. காகிதத்தின் காலத்தில் இரண்டாவது பொருள் இல்லாமல் முதற்பொருளுக்கு வாழ்வில்லை. போர் முதலில் கொல்வது அந்த இரண்டாவது பொருளைத்தான்.

*

1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பர்மாவில் ஏறத்தாழ பத்து லட்சம் இந்தியர்கள் இருந்தார்கள். ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்கள். அவர்களுள் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் தொகை சிறிது, முதல் பெரிது. 1930-ஐ ஒட்டி நடந்த வங்கித்தொழில் விசாரணை, பர்மாவில் அவர்களுடைய கடைகள் 1,600-க்கும் மேல் என்றும் முதலீடு ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. ரங்கூன் மொகல் தெருவிலிருந்து காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் பணம் நோட்டாகப் பயணம் செய்யவில்லை. உண்டியாகவும் பேரேட்டுக் குறிப்பாகவும் அது கடல் கடந்தது. வண்டித் துறையிலும் அரிசி ஆலைகளிலும் உழைத்த கூலித் தொழிலாளிக்கு அந்த வசதி இல்லை. அவன் பணம் இடுப்பில் இருந்தது.

1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. ஆயினும் பர்மாவுக்கான நோட்டுகளை வெளியிடும் பொறுப்பு இந்திய ரிசர்வ் வங்கியிடமே தொடர்ந்தது. முதலில் இந்திய நோட்டுகளின் மேல் 'பர்மாவில் மட்டும் செல்லும்' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரியை அச்சிட்டுப் புழக்கத்தில் விட்டார்கள். 1938 முதல் பர்மாவுக்கென்றே தனி நோட்டுகள் வந்தன. அந்த ஒரு வரிக்கு இருந்த வலுவை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அதே மன்னரின் தலை, அதே வங்கியின் பெயர், அதே ரூபாய், அதே மதிப்பு. ஒரு வரி மட்டும் அதன் எல்லையைச் சொன்னது. அமைதிக் காலத்தில் அந்த வரியை யாரும் படிக்கவில்லை. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய பிறகு எல்லோரும் படித்தார்கள்.

1942 மார்ச் தொடக்கத்தில் ரங்கூன் வீழ்ந்தது. அதற்கு முன்னும் பின்னுமாக நாலைந்து லட்சம் இந்தியர்கள் இந்தியாவை நோக்கிக் கிளம்பினார்கள். கப்பலில் இடம் பெற்றவர்கள் சிலரே. மற்றவர்கள் அரக்கான் மலைகளைத் தாண்டிச் சிட்டகாங்குக்கும், மண்டலே, கலேவா, தமு வழியாக இம்பாலுக்கும் நடந்தார்கள். வழியில் காலராவாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் பல்லாயிரவர் மாண்டனர். ரங்கூனில் 'ஜோதி' இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா தம் மனைவியோடு நடந்து வந்தவர். அவருடைய 'எனது பர்மா வழிநடைப் பயணம்' இந்நிகழ்வைத் தமிழில் சொன்ன அரிய நேர்ச்சாட்சி.

இந்த அகதிகளுக்கு ஒரு நற்பேறு வாய்த்திருந்தது. அவர்கள் கொண்டுவந்த பர்மா நோட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்த வங்கி, அவர்கள் ஓடிவந்த கரையில் இருந்தது. ஓர் ஊரின் அரசு ஓடினாலும் அதன் நோட்டுக்குப் பொறுப்பேற்றவர் ஓடவில்லை. வரலாற்றில் போர் அகதிகளுக்கு இப்படி வாய்ப்பது மிக அரிது. பிறகு வந்த ஒவ்வொரு கூட்டத்தாரோடும் ஒப்பிடும்போதுதான் இதன் அருமை நமக்கு விளங்கும்.

ஓடாமல் தங்கியவர்களின் கதை வேறு. ஜப்பானிய இராணுவம் பர்மாவுக்கென்று ரூபாய் நோட்டுகளையும் மலாயாவுக்கென்று டாலர் நோட்டுகளையும் அச்சடித்தது. பர்மா நோட்டுகளில் 'பி' என்ற எழுத்தும் மலாயா நோட்டுகளில் 'எம்' என்ற எழுத்தும் அடையாளம். மலாயாவின் பத்து டாலர் நோட்டில் வாழை மரம் அச்சிடப்பட்டிருந்ததால் அந்தப் பணம் முழுவதற்குமே வாழைப்பணம் என்று பெயர் வந்தது. பர்மா நோட்டுகளில் வரிசை எண்கூட இல்லை. எழுத்துக் குறி மட்டுமே. எத்தனை அச்சடித்தோம் என்று கணக்கு வைக்க விரும்பாதவர்களுக்கு வரிசை எண் எதற்கு? 1945-இல் ஆங்கிலேயர் திரும்பியதும் அந்த நோட்டுகள் ஒரே அறிவிப்பில் மதிப்பிழந்தன. மூன்றரை ஆண்டு உழைப்பும் சேமிப்பும் அடுப்பெரிக்க உதவின. பழைய பொருள் சேகரிப்போரிடம் அவை இன்றும் கிடைக்கின்றன.

இங்கே இன்னொரு சிக்கலும் எழுந்தது. யுத்தகாலத்தில் கடனாளிகள் பலர் தம் பழைய கடன்களை மதிப்புக் குன்றிய ஜப்பானியப் பணத்தில் அடைத்துவிட்டார்கள். கடன் தீர்ந்ததா, இல்லையா? மலாயாவில் இதற்கென்றே 1948-இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. ப. சிங்காரம் 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' என்ற இரு நாவல்களிலும் காட்டும் தென்கிழக்காசியத் தமிழ் வணிகர் உலகம் இந்தக் கணக்குக் குழப்பத்தின் மேல்தான் நின்றது. அவருடைய செட்டித் தெருக்காரர்களுக்குப் போர் என்பது முதலில் பேரேட்டில் நிகழ்ந்த ஒன்று.

பர்மாவிலிருந்து திரும்பியவனின் பணம் என்ற செய்தி தமிழ் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்கு 1952-இல் வெளிவந்த 'பராசக்தி'யே சான்று. ரங்கூனிலிருந்து கப்பலில் வரும் குணசேகரன் சென்னையில் இறங்கியதும் தன் உடைமைகளைப் பறிகொடுக்கிறான். போரில் காலிழந்த அவன் அண்ணன் பிச்சைக்காரனாக ஊர் திரும்புகிறான். படத்தின் வசனங்களை நினைவில் வைத்திருக்கும் நாம், அதன் கதை முழுவதும் ஓர் அகதியின் பணப்பையிலிருந்து தொடங்குகிறது என்பதைக் கவனிப்பதில்லை.

*

இருபது ஆண்டுகள் கழித்து அதே பர்மாவிலிருந்து மறுபடியும் கப்பல்கள் வந்தன. இம்முறை குண்டு விழவில்லை, சட்டங்கள் விழுந்தன. 1962 மார்ச்சில் ஆட்சியைக் கைப்பற்றிய தளபதி நே வின், 1963-இல் வங்கிகளையும் 1964 மார்ச்சில் கடைகளையும் அரசுடைமையாக்கினார். 1964 மே 17 அன்று 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. 1952-இல் ரூபாய்க்கு ஒன்றுக்கொன்று சமமாகக் கியாட் வந்திருந்தது. ஆகவே 100 கியாட் என்பது சிறு வணிகன் ஒருவனின் நல்ல சேமிப்பு. ஒப்படைத்தவர்களுக்கு ஒரு வரம்புக்குள்ளேதான் பணம் திரும்பக் கிடைத்தது. கடையும் போய், கடையில் சேர்த்த பணமும் போன பிறகு, ஊருக்குத் திரும்புவது ஒன்றே மிச்சம். கிளம்பும்போது கொண்டுபோகலாம் என்று அனுமதித்த தொகையோ கைச்செலவுக்குக்கூடப் போதாதது. நகைகளுக்கும் கட்டுப்பாடு இருந்தது.

இவர்களை அரசு ஆவணங்கள் அகதிகள் என்று குறிக்கவில்லை. தாயகம் திரும்பியோர் என்றன. தமிழகத்துக்கு மட்டும் 1,40,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். 1942-இல் வந்தவனுக்கு இருந்த நற்பேறு இவர்களுக்கு இல்லை. கியாட்டுக்கு வாக்குக் கொடுத்தவர் ரங்கூனில் இருந்தார். வாக்கைத் திரும்பப் பெற்றவரும் அவரே. இந்திய அரசு இவர்களுக்குக் கடனும் வீடும் கடையிடமும் தந்தது. சென்னைக் கடற்கரை நிலையத்துக்கு எதிரே நிற்கும் பர்மா பஜார் அவ்வாறு எழுந்தது. வியாசர்பாடியிலும் திருச்சியிலும் காரைக்குடியிலும் பர்மா குடியிருப்புகள் தோன்றின. தமிழகத்தில் வாழ வழியின்றி நிலவழியே பர்மாவுக்குத் திரும்ப முயன்ற சிலர் எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்டார்கள். அந்த எல்லை ஊரில் கியாட்டும் ரூபாயும் கைமாறும் வணிகத்தின் நடுவே அவர்கள் வாழ்ந்தது விதியின் விந்தை என்றே சொல்லத் தோன்றுகிறது.

புதிய வாழ்வுக்கு உதவுவது வேறு, பழைய உழைப்பை மதிப்பது வேறு என்பதை இங்கே நாம் குறித்துக்கொள்ள வேண்டும். மறுவாழ்வுக் கடன் முதல் வகை. கையிலிருந்த பணத்தை ஏற்று மாற்றிக் கொடுப்பது இரண்டாம் வகை. முதலாவதில் கொடுப்பவனின் ஈகை தெரிகிறது. இரண்டாவதில் வந்தவனின் உரிமை தெரிகிறது.

*

இந்த இரண்டாம் வகையை எழுத்தில் ஒப்புக்கொண்ட ஆவணம் ஒன்று நம்மிடமே இருக்கிறது. அதே 1964-இல், அக்டோபர் 30 அன்று, சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட உடன்படிக்கை அது. இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று மனிதர்களைப் பங்கிட்ட அந்த உடன்படிக்கையை நாம் இன்றளவும் கண்டிக்கிறோம், அது சரியே. ஆயினும் அதில் ஓரமாக ஒரு விதி உள்ளது. இந்தியா செல்வோர் வருங்கால வைப்புநிதி, பணிக்கொடை உட்படத் தம் சொத்துகளைக் கொண்டுசெல்ல இலங்கை அனுமதிக்கும். ஒரு குடும்பம் கொண்டுசெல்லத்தக்க உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கமாட்டாது. தேயிலைத் தோட்டத்தில் ஒரு தலைமுறை குனிந்து சம்பாதித்ததற்கு 4,000 ரூபாய் மிகச் சிறியது. ஆனாலும் அது ஒரு விதி. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவனுக்குத் தன் பணத்தின் மேல் ஓர் ஒப்பந்தத்தின் நிழல் இருந்தது.

இங்கே இரு ரூபாய்களின் உறவைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். இலங்கை ரூபாய் நெடுங்காலம் இந்திய ரூபாயோடு சமமதிப்பில் கட்டப்பட்டிருந்தது. 1950-இல் இலங்கை மத்திய வங்கி தோன்றும்வரை அது ஏறக்குறைய இந்திய ரூபாயின் நிழல் எனலாம். மண்டபம் முகாமில் தங்கித் தோட்டங்களுக்குப் போன கூலியாளுக்கு நாணயமாற்று என்ற சொல்லே தேவைப்படவில்லை. அந்தச் சமமதிப்பு 1966 வரை நீடித்தது. அவ்வாண்டு ஜூன் 6 அன்று இந்தியா தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும், கணக்குப்படி ஓர் இலங்கை ரூபாய் ஒன்றரை இந்திய ரூபாய்க்கும் மேலாயிற்று. அடுத்த ஆண்டு நவம்பரில் இலங்கையும் மதிப்பைக் குறைக்க, அது ஒன்றேகாலுக்கு இறங்கியது. 1977-இல் இலங்கை தன் நாணயத்தைச் சந்தையில் மிதக்கவிட்ட பிறகு நிலை தலைகீழானது. 1983-இல் ஓர் இலங்கை ரூபாய் அரை இந்திய ரூபாய்க்கும் குறைவு.

அந்த 1983-இன் ஜூலையில்தான் கொழும்பு எரிந்தது. அப்போது தொடங்கிய அகதி வருகை அலையலையாகத் தொடர்ந்தது. 1983-க்கும் 2012-க்கும் இடையே இந்தியாவுக்கு வந்த இலங்கை அகதிகள் 3,04,269 பேர் என்பது இந்திய உள்துறை அமைச்சகத்தின் கணக்கு. தலைமன்னார் கப்பலும் 1984-இல் நின்றுபோனது. பிறகு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இரவில் படகேறி, தனுஷ்கோடியை அடுத்த மணல்திட்டுகளில் இறக்கிவிடப்பட்டு, விடியும்வரை காத்திருந்தார்கள். தாயகம் திரும்பியவனுக்கு இருந்த 4,000 ரூபாய் விதி இவர்களுக்கு இல்லை. இவர்கள் எந்த உடன்படிக்கையின்படியும் வரவில்லை. உயிருக்கு அஞ்சி வந்தார்கள். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின் முப்பதாவது பிரிவு அகதிகளின் சொத்துகளைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் அது கொண்டுவந்ததை வேறொரு நாட்டுக்கு எடுத்துச் செல்வதைப் பற்றியதே. கொண்டுவந்த காகிதத்தை மாற்றிக் கொடுப்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. இந்தியா அதில் கையெழுத்திடவும் இல்லை.

படகில் வந்தவனுக்குப் பூட்டு இரண்டு. இலங்கை ரூபாய் எங்கும் எளிதில் வாங்கப்படும் நாணயமன்று. அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதற்கே சட்ட வரம்பு உண்டு. அடுத்து, உரிமம் பெற்ற நாணயமாற்றுக் கடையில் கடவுச்சீட்டைக் கேட்பார்கள். கடவுச்சீட்டோடு வர முடிந்தவன் ஏன் படகில் வருகிறான்? ஆகவே மிஞ்சுவது கரையில் நிற்கும் இடைத்தரகன். அவன் பிடிக்கும் வட்டத்தை எந்த அரசாணையும் கட்டுப்படுத்துவதில்லை.

இதனால்தான் அகதியின் உண்மையான நாணயம் நகையாக இருந்தது. தாலிக்கொடி, காப்பு, தோடு ஆகியவைதான் படகுக்காரனுக்குக் கூலியாகவும் இந்தக் கரையில் அடகுக்கடையின் சீட்டாகவும் மாறின. 1780-இல் செங்கற்பட்டுச் சீமையிலிருந்து ஓடியவன் நம்பியதையே இருநூறாண்டுகளுக்குப் பின் மன்னாரிலிருந்து ஓடிய பெண்ணும் நம்பினாள். இருபதாம் நூற்றாண்டின் வங்கிகள் அத்தனையும் அவளுக்குத் தரமுடியாத உறுதியைக் கழுத்தில் கிடந்த அரைப்பவுன் தந்தது. பின்னாளில் புலம்பெயர்ந்த உறவினர்கள் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் அனுப்பிய பணம் 'உண்டியல்' வழியாக வந்தது. மொகல் தெருவின் உண்டியும் இந்த உண்டியலும் சொல்லால் மட்டுமின்றிச் செயலாலும் உறவுடையவை. அரசுகள் கைவிட்ட இடத்தில் ஒருவருக்கொருவர் கொடுத்த வாய்ச்சொல்லே நாணயமாயிற்று.

*

நம் எல்லைக்குள் நிகழ்ந்த மிகப் பெரிய அகதி வருகையிலும் இது நடந்தது. 1971-இல் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் வந்தார்கள். ஜூன் மாதத்தில் பாகிஸ்தான் அரசு 100, 500 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. வங்கிகளிலிருந்து கொள்ளைபோன நோட்டுகளை முடக்குவது அதன் நோக்கம். உள்ளே இருந்தவர்கள் வரிசையில் நின்று நோட்டுகளை ஒப்படைக்கலாம். எல்லைக்கு இப்பால் முகாமில் கிடந்தவன் எங்கே போய் ஒப்படைப்பான்? அவனைத் துரத்திய அரசின் வாசலுக்கா?

இதற்கெல்லாம் வழியே இல்லை என்று நாம் எண்ணிக்கொண்டிருந்தபோது, 2022-இல் ஐரோப்பா வழி இருக்கிறது என்று காட்டியது. பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்ததும் லட்சக்கணக்கானோர் ஹிரிவ்னியா நோட்டுகளோடு எல்லை தாண்டினார்கள். உக்ரைன் மத்திய வங்கி போர்க்காலக் கட்டுப்பாடுகளை விதித்திருந்தது. ஐரோப்பிய நாணயமாற்றுக் கடைகள் பல அந்த நோட்டை வாங்க மறுத்தன. வாங்கியவை அடிமாட்டு விலை கேட்டன. இதுவரை நாம் கண்ட அதே கதை. ஆனால் இம்முறை அரசுகள் தலையிட்டன. போலந்தின் மத்திய வங்கி உக்ரைன் மத்திய வங்கியோடு உடன்பாடு செய்துகொண்டு, மார்ச் 25 முதல் தன் நாட்டு வங்கி ஒன்றின் கிளைகளில் நோட்டுகளை மாற்றித் தந்தது. ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியத்தின் மன்றம் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் ஒரு பரிந்துரை செய்தது: ஆளுக்கு 10,000 ஹிரிவ்னியா வரை, அதிகாரபூர்வ விலையில், கட்டணமின்றி, குறைந்தது மூன்று மாத காலத்துக்கு மாற்றித் தரவேண்டும். ஜெர்மனி மே மாதத்தில் தொடங்கியது.

10,000 ஹிரிவ்னியா என்பது அப்போது 300 யூரோவுக்குச் சற்று மேல். பெரிய தொகையன்று. ஏன் இந்த வரம்பு என்று கேட்டால், மறுப்பவர்களின் நியாயத்தையும் நாம் கேட்டாக வேண்டும். கள்ளநோட்டு வரும், கொள்ளையடித்த பணம் வரும், போர் நீண்டால் வாங்கிய நோட்டு வெறும் காகிதமாகும், எல்லோரும் எல்லாவற்றையும் மாற்றினால் போரிடும் நாட்டின் நாணயமே சரியும். இந்த அச்சங்கள் பொய்யல்ல. அவற்றுக்கான விடைகள்தான் அந்த விதிகள். ஆளுக்கு ஒரு வரம்பு வைத்தால் கொள்ளைக்காரனுக்கு அதில் இலாபம் இல்லை. அடையாளம் பார்த்துப் பதிந்தால் ஒருவரே திரும்பத் திரும்ப வர முடியாது. இழப்பு வந்தால் அதைச் சுமப்பவர் கடைக்காரர் அல்லர், அரசு. இவற்றுள் எதுவும் மேதைகளின் கண்டுபிடிப்பன்று. 1964-இன் உடன்படிக்கையில் 4,000 ரூபாய் என்று எழுதிய கைக்கு இந்த எண்ணம் தெரிந்தே இருந்தது.

அதே 2022 மார்ச்சில் நம் கரையில் நடந்ததையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். இலங்கையின் பொருளாதாரம் நொறுங்கிக்கொண்டிருந்தது. மார்ச் 7 அன்று மத்திய வங்கி ரூபாயைப் பிடித்திருந்த கையை விட்டதும், டாலருக்கு 200 அளவில் இருந்த அது சில வாரங்களில் 300-ஐத் தாண்டி, பின்னர் 360 வரை சரிந்தது. மார்ச் 22 அன்று பச்சிளங் குழந்தைகளோடு பதினாறு பேர் இராமேசுவரத்தை அடுத்த கரைகளுக்கு இரு குழுக்களாக வந்து சேர்ந்தார்கள். போலந்தின் வங்கிச் சாளரம் திறப்பதற்கு மூன்று நாள் முன்பு. அவர்களுக்குப் பின் அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் வந்தவர்கள் மண்டபத்தில் தங்கவைக்கப்பட்டார்கள். உணவு கிடைத்தது, இடம் கிடைத்தது. தமிழகம் அவர்களைக் கைவிடவில்லை. ஆனால் நிலத்தையோ தோட்டையோ விற்றுப் படகுக்குக் கொடுத்தது போக மீந்த இலங்கை ரூபாயை நீட்டுவதற்கு அவர்களுக்கு ஒரு சாளரம் இருக்கவில்லை.

ஐரோப்பாவைப் போற்றுவது நம் நோக்கமன்று. சிரியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்தவர்களின் நோட்டுகளுக்கு ஐரோப்பாவில் இத்தகைய ஏற்பாடு எழவில்லை என்பதை நாம் அறிவோம். யாருடைய பணம் பணமாகக் கருதப்படுகிறது என்பது யாருடைய துயரம் துயரமாகக் கருதப்படுகிறது என்பதோடு பிணைந்தே இருக்கிறது. ஆனால் ஒருமுறை செய்து காட்டப்பட்ட ஒன்றைச் செய்ய இயலாதது என்று இனி யாரும் சொல்ல முடியாது. அந்த அளவில் 2022 ஒரு முன்மாதிரி.

*

மீண்டும் கேளம்பாக்கத்துக்கு வருவோம். அரக்கானில் வன்முறை மூண்ட 2012-ஆம் ஆண்டின் ஏப்ரலில்தான் மியான்மர் அரசு கியாட்டின் விலையைத் திருத்தியது. அதுவரை அரசு ஏடுகளில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ ஆறு கியாட், தெருவில் எண்ணூறு. முப்பத்தைந்து ஆண்டுகளாக ஒரு நாட்டில் இரண்டு உண்மைகள் இருந்தன. எண்ணூற்றுச் சொச்சம் என்று அரசே ஒப்புக்கொண்ட இரு மாதங்களில் ரொஹிங்கியாக்களின் வீடுகள் எரியத் தொடங்கின. நாணயத்தின் பொய் திருத்தப்பட்டது. குடியுரிமையின் பொய் திருத்தப்படவில்லை. 1942-இல் இந்தியரும் 1964-இல் மறுபடி இந்தியரும் வெளியேறிய அதே நாட்டிலிருந்து, மூன்றாம் முறையாக, தமிழ் தெரியாத ஒரு கூட்டம் இந்தத் தமிழ்க் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. அவர்கள் மடியில் என்ன இருந்தது என்று நாம் கேட்கவில்லை. நம் பாட்டன்மார் இடுப்பில் பர்மா நோட்டைக் கட்டிக்கொண்டு நடந்து வந்தவர்கள் என்பதால், கேட்டிருக்க வேண்டியவர்கள் நாம்.

பழைய இரும்பும் காகிதமும் பொறுக்குகிறவன் எடைக்கு எடை போட்டுத்தான் பணம் வாங்குகிறான். தன் நாட்டில் நூறு கியாட்டுக்கு உழைத்தவன், இங்கே கிலோக் கணக்கில் காகிதம் விற்கிறான். ஓர் அகதியிடம் சோறு உண்டா என்று கேட்பது நம் மரபு. அதை நாம் விட்டுவிடவில்லை. அதோடு, நீ சம்பாதித்தது எவ்வளவு, அதை எடு, நாங்கள் மாற்றித் தருகிறோம் என்றும் ஒரு நாடு சொல்லலாம். அதற்கு ஆகும் செலவு ஓர் உயரடுக்கு மாடத்தின் விலைகூட இராது. சோற்றை வாங்கும்போது கை தாழ்ந்திருக்கிறது. தன் பணத்தை நீட்டும்போது அப்படியில்லை.